குங்குமம் வைத்த சிடி

ராஜபாளையம்
12.1.1999

அன்பு மருமகளுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று எண்பத்திரண்டிலேயே சொன்னவன் நான். ஒருநாள் கல்யாண ஆல்பம் முழுவதும் அப்பளம் அளவுத் தகட்டில் அடங்கும் என்றேன். மில்லில் அத்தனை பேரும் சிரித்தார்கள். நீ அனுப்பிய சிடி வந்ததிலிருந்து ஊரே என்னை அண்ணாந்து பார்க்கிறது.

புதுச் சாமான் என்று உன் அத்தை அதன் பளபளக்கும் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். மில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றும் வரவில்லை. வேட்டி நுனியால் துடைத்துப் போட்டேன். திரை நிறைய உன் மகன், பல்லில்லாத சிரிப்போடு. அதையே பாட்டுப் பெட்டியில் போட்டால் ஊமையாக இருக்கிறது. ஏன் என்று இன்ஜினியருக்கே தெரியவில்லை, நான்தான் விளக்கினேன்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரில், கேபிள்காரர் சோலைராஜ் கடை விசிடி பெட்டியில் போட்டேன். நீயாகச் செய்துகொண்ட கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வருஷமாக உன் பெயரையே எடுக்காத உன் அப்பாவை, "செத்த நேரம் வாங்க அத்தான், ஒரு அதிசயம் காட்டுதேன்" என்று கூட்டிவந்தேன். பேரனின் நாற்பது படத்தையும் நின்றுகொண்டே பார்த்தார். "புள்ளையக் கூட்டிட்டு வரச் சொல்லு மாப்ள" என்றார்.

நீ ரயிலுக்கு டிக்கெட் எடுக்குமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தை நான் சேர்த்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "மாப்ள, இது நம்ம வீட்டு டிவியில ஓடுமா?" என்று மட்டும் கேட்டார்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்