பாதிச் சவரம்

சின்னவளின் அம்மாவுக்கு,

இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இரு. உன் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும்.

இங்கே ஜெயிலில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நாலைந்து நாளாகச் சாப்பாட்டு வரிசையில் சண்டையே இல்லை. நேற்றுக் குழம்பில் உப்பில்லை. ஒருவன்கூடத் தட்டை வீசவில்லை. அறைக்கு அறை வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஏனென்று கேட்டால், "குழாய் நின்னுடுச்சுன்னா என்னங்கய்யா பண்றது?" என்று பணிவாகச் சொல்கிறார்கள். இங்கே குழாய் ஒருநாளும் நின்றதில்லை.

மேலதிகாரியிடம் கூடுதல் ஆள் கேட்டேன். "அமைதியா இருந்தாக்கூட உனக்குப் பயமாய்யா?" என்று சிரித்தார்.

எனக்குச் சவரம் செய்கிற கைதியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, அந்த வாயாடி? இன்று காலை பாதியில் நிறுத்தி, கத்தியை மடித்து என் கையில் வைத்தான்.

"இத நீங்களே வெச்சுக்கங்கய்யா. என்னைத் தனியறையில போட்டுப் பூட்டிடுங்க."

"எதுக்குடா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பூட்டினேன்.

அதே முகத்தோடு முற்றம் முழுக்க நடந்தேன். ஒரு கன்னத்தில் தாடி, மறு கன்னம் மழமழவென்று. நானூறு பேரில் ஒருவனும் சிரிக்கவில்லை.

கடிதம் கொண்டுவரும் டிரைவரிடம் என் மோதிரத்தையும் கொடுத்திருக்கிறேன். விரல் வீங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை. சோப்புப் போட்டுத்தான் கழன்றது. உனக்குப் பெரிதாக இருக்கும். நூல் சுற்றிப் போட்டுக்கொள்.

உன் வீட்டுக்காரன்