ஃபரீதே அம்மாவுக்கு ஊற்றிய தண்ணீர்

முருகன் துணை

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்றுக் காலை ஏழு பத்துக்கு மேல்வீட்டு ஃபரீதே அம்மா தெஹ்ரானுக்குப் புறப்பட்டார். ஆசிரியையாக இருந்து, இரண்டு தடவை ஈரான் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானவர். சிறையிலிருந்த மாணவர்களின் பெயர்களை அங்கே எழுந்து நின்று வாசித்தவர். அதற்காக நான்கு வருடம் தானும் உள்ளே இருந்தவர். இப்போது அவரோடு வேலை செய்த பெண்மேல் அங்கே வழக்கு. சாட்சி சொல்லப் போகிறார். திரும்பி வர விடுவார்களோ தெரியாது.

வாசலில் என் கையில் ஒரு கிண்ணம் தண்ணீர் தந்தார். பயணம் போகிறவர் நலமாகத் திரும்ப, பின்னால் தண்ணீர் ஊற்றுவது அவர்கள் வழக்கமாம்.

"ஐயோ அம்மா, எங்கடை ஆக்கள் சவம் எடுத்த பிறகுதான் வாசலிலை தண்ணி ஊத்திக் கழுவுறவை," என்றேன், என் ஓட்டைப் பிரெஞ்சில்.

"எனக்கு எதிரா எத்தினையோ பேர் வாக்குப் போட்டவை. உன்ரை வாக்கும் எனக்கு இல்லையோ, பிள்ளை?" என்று சிரித்தார்.

முருகனை நினைத்துக்கொண்டு ஊற்றினேன். இங்கத்தைக் குளிரில் தண்ணீர் படியிலேயே உறைந்துவிட்டது. யாரும் வழுக்கி விழாமல் உப்புத் தூவினேன்.

அத்தான், என் தம்பி காணாமற்போன வழக்கில் சாட்சி சொல்ல நீங்கள் யாழ்ப்பாணம் புறப்பட்ட அன்று, நான் வழியனுப்ப வராமல் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். போன கிழமை தொலைபேசியில் "ஒண்டும் சொல்லாமல் வந்திடுங்கோ" என்று அழுததும் நான்தான். அதை மறந்துவிடுங்கள். நீங்கள் கண்ணால் கண்டதையெல்லாம் நீதிமன்றத்தில் சொல்லுங்கள்.

காணாமற்போன அன்று தம்பி போட்டிருந்தது நீலச் சட்டை. அதையும் சொல்லுங்கள்.

உங்களை எண்ணிப் பெருமைப்படும்
மனைவி