போகப் பத்தரை, வர ஐந்து

நேற்று என் மகள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் சுவர்மேல் தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பூனை இறங்கி ஓடிவிட்டது. அவளுக்கு மெல்பர்னில் வேலை கிடைத்திருக்கிறது. மேசைமேல் கிடந்த டிக்கெட்டை எடுத்து, ஏறுகிற மணியையும் இறங்குகிற மணியையும் விரல்விட்டு எண்ணி, "போக பத்தரை மணி நேரம். திரும்பி வர அஞ்சே மணி நேரம். பயப்படாதம்மா" என்று தைரியம் சொன்னேன்.

"அலமாக், அப்பா! அங்க கடிகாரம் நமக்கு மூணு மணி நேரம் முன்னால ஓடுதுப்பா. போனாலும் வந்தாலும் ஏறக்குறைய எட்டு மணி நேரம்தான்."

பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றுபோன மூளை, மன்னித்துவிடலாம். ஆனால் மச்சான், இந்தக் கணக்கை முதலில் உனக்குத்தானே போட்டுக் கொடுத்தேன்!

அன்றைக்கு நம் மாசாயிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற வழி. எல்லைப் பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் அசையாமல் நின்றன. ஓட்டுகிற உன் பின்னால் நான். உன் மகன் அதே மெல்பர்னுக்குப் படிக்கப் போகவிருந்தான். சட்டைப் பையிலிருந்து அவனுடைய டிக்கெட்டை எடுத்துப் பின்னால் நீட்டினாய். இதே விரல்களை மடக்கி இதே விடையைச் சொன்னேன்.

"அது எப்படிடா? மேப்புல அந்த ஊரு கீழதானே இருக்கு? இறக்கத்துல சீக்கிரம் போகணுமே?"

"எதிர்க்காத்து லா" என்றேன், விமானம் ஓட்டிக் களைத்தவன் மாதிரி.

ஹெல்மெட்டை இடமும் வலமும் ஆட்டினாய். "இல்ல மச்சான், வீட்டுக்கு வர்றதுன்னா பிளேனுக்கும் அவசரம்."

அதன்பின் மாசாய் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாய். மகன் அஞ்சு மணி நேரத் தூரத்தில்தான் இருக்கிறான் என்று.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதும் அதே நினைப்பில் கேட்டாய். "ஏறிட்டானா?"

"ஏறிட்டான். சிங்கப்பூர்ல இறங்க அஞ்சு மணி நேரம்."

சுவர்க் கடிகாரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஐந்து போயிற்று. ஆறும் போயிற்று. "எங்கடா அவன்?"

எனக்கே புரியவில்லை. "பாலத்துல ஜாம் லா" என்றேன்.

அதை மட்டும் நீ கேள்வி கேட்காமல் நம்பினாய். தினமும் அதில் வெந்தவனாயிற்றே. சிரிக்கக்கூடச் செய்தாய். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகி உன் மகன் ஓடி வந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டாய். மறுநாள் கிளம்பிவிட்டாய்.

நேற்றிலிருந்து ஒன்றுதான் குடைகிறது. ஒன்பது என்று நான் சரியாகச் சொல்லியிருந்தால் காத்திருந்திருப்பாயா? இல்லை, இதோ வந்துவிட்டான், இதோ வந்துவிட்டான் என்று என் தப்புக் கணக்குதான் உன்னை அதுவரை இழுத்துக்கொண்டு வந்ததா? இந்தக் கேள்விக்கு மகளின் கைப்பேசியில் விடை இருக்காது.

சிரித்து ஓய்ந்த பிறகு அவள் கேட்டாள்: "என்னப்பா, திடீர்னு சத்தத்தையே காணோம்?"

"எட்டை மனப்பாடம் பண்றேன்மா" என்றேன்.

அவளிடம் சொல்லாமல் விட்டது இதுதான்: மகளே, எனக்கு ஏதாவது என்றால், பாலத்தையும் சேர்த்துப் பத்து மணி நேரத்துக்கு முன்னாலேயே உன்னைக் கூப்பிடுவேன். ஏறிவிட்டேன் என்று மட்டும் சொல். மிச்ச நேரம் நான் காத்திருந்துகொள்கிறேன்.