சாய்ஹா என்கிற அதிகப்பிரசங்கி

மார்ச் 4, திங்கள்

தவக்காலத்துக்கு இனிப்பை விட்டேன். இந்தத் தொடரை விட்டிருக்கலாம்.

எட்டரை மணி ஆனால் எங்கள் வீட்டில் சூப் ஆறிப்போகிறது. மகன் ஹின்சுங், மருமகள் லோக்யீ, இருவர் கண்ணும் டி.வி.யில்தான். அரண்மனை மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கும் சாய்ஹா என்ற பெண்தான் கதாநாயகி. பதினெட்டு வயது. அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இன்றைக்கு ஒரு தேநீர்க் கோப்பையை மோந்து பார்த்தே, பொய் சொல்வது எந்தப் பணிப்பெண் என்று கண்டுபிடித்துவிட்டாள். அரசியின் எதிரில் ஓடி வருகிறாள். கேட்காமல் பேசுகிறாள். தலைமுடி தொங்குகிறது. எங்கள் மடத்துப் பள்ளியில் தாழ்வாரத்தில் ஓடினவளை மதர் லூயிஜியா மறுபடியும் வாசலிலிருந்து நடந்து வரச் சொல்வார். நான் ஒரே ஒரு தடவைதான் ஓடியிருக்கிறேன்.

"கொஞ்சம் புத்தி இருந்தா இவ்வளவு வாய் வேணுமா?" என்றேன்.

"கதைதானே அத்தை," என்றாள் லோக்யீ.

கதையென்றால் முறை வேண்டாமா?

மார்ச் 6, புதன்

நேற்று இரவு கூடத்தில் என் கணவர் படம் மாட்டியிருந்த ஆணி பெயர்ந்து விழுந்துவிட்டது. நல்லவேளை, கண்ணாடி உடையவில்லை. புதிதாக ஓர் ஆணி அடிக்கச் சொன்னேன்.

"அப்புறம் பாத்துக்கலாம்மா."

"அப்புறம்னா?"

"மே மாசம்."

ஹின்சுங் ரயில் கம்பெனியில் எஞ்சினியர். கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறவன். ஓர் ஆணிக்கு இரண்டு மாதம் கேட்கிறான். சரி, நானே அடித்துக்கொள்கிறேன் என்றேன். காலையில் பார்த்தால் சுத்தியலைக் காணோம். பைக்குள் போட்டு ஆபீசுக்கு எடுத்துப் போய்விட்டானாம். முப்பத்தெட்டு வயது ஆம்பளை செய்கிற காரியமா இது?

மார்ச் 12, செவ்வாய்

சாய்ஹா இன்று இளைய ராணியின் தலையணையைக் கிழித்து உள்ளேயிருந்து கஸ்தூரியை எடுத்தாள். வயிற்றுப் பிள்ளை கலைய வேண்டுமென்று ராஜமாதா வைத்ததாம். தலையணையிலிருந்து பத்தடி தள்ளி நிற்கும்போதே அவள் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. இது மூக்கா, வேறு ஏதாவதா?

மார்ச் 13, புதன்

என்னால் நம்ப முடியவில்லை.

இன்று காலை லோக்யீ என் அறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. "அத்தை, முழங்காலுக்குப் போடற பிளாஸ்திரி, அதுல கஸ்தூரிதானே இருக்கு? கொஞ்ச நாளைக்கு வேற ஏதாவது போட்டுக்கறீங்களா?" என்றாள்.

ஆறு வருஷமாக இந்த பிளாஸ்திரிதான் போடுகிறேன். மூலைக் கடை மருந்துக்காரர் நான் கேட்கும் முன்பே எடுத்து வைத்துவிடுவார். அது இல்லாமல் மூன்று மாடி இறங்க முடியாது.

"நாத்தம் அடிக்குதுன்னா சொல்லு. ஜன்னலைத் திறந்து வச்சுக்கறேன்."

"நாத்தம்னு சொல்லல அத்தை."

"வேற என்ன?"

போய்விட்டாள். ராத்திரிச் சாப்பாட்டில் என் பக்கத்து நாற்காலியை விட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள். நேற்றுத் தொடரில் பார்த்தது இன்று என் வீட்டில் நடக்கிறது. நான் ராஜமாதாவாம்.

பிளாஸ்திரியை எடுக்க மாட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

பிலோமினா மோக் போன் செய்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். அன்றும் வாய் மூடியதில்லை. பிளாஸ்திரிக் கதையைச் சொன்னதும் அரைமணி நேரம் சிரித்தாள்.

"ஏண்டி பெர்னா, தலையணைக்குள்ள என்னத்த வச்ச, உண்மையச் சொல்லு."

இவளிடம் போய்ச் சொன்னேனே.

மார்ச் 18, திங்கள்

ஹின்சுங் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா, கொஞ்ச நாள் மக்காவ்ல சித்தி வீட்டுல இருந்துட்டு வாங்களேன். அங்க லிஃப்ட் இருக்கு. முழங்காலுக்கு நல்லது."

"எத்தனை நாள்?"

"மே வரைக்கும். கொஞ்சம் கூடவும் இருக்கலாம்."

எல்லாவற்றுக்கும் மே. மே மாதத்தில் அப்படி என்ன இருக்கிறது? நான் போன பிறகு என் அறைச் சுவரை இடிக்கப் போகிறார்களா? இந்த வீடு என் கணவர் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் சம்பளத்துக்கு நின்று வாங்கியது. பழைய விமான நிலையம் பக்கத்தில் இருந்து, மேலே விமானம் இறங்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிருமே, அந்தக் காலத்தில் வாங்கியது. அப்போது எங்களுக்கு இங்கே யாரும் லிஃப்ட் தரவில்லை.

இது அவன் யோசனை இல்லை. அவனுக்கு யோசனை வருவதில்லை. அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சாய்ஹாவிடம் பாடம் படிக்கிறாள் — எதிரியை நேராகத் தள்ளாதே, வண்டி கட்டி அனுப்பிவை என்று.

மார்ச் 19, செவ்வாய்

போகமாட்டேன்.

மார்ச் 27, புதன்

இதுதான் எல்லை.

அடுத்த வாரம் சிங் மிங். கல்லறை கழுவும் நாள். அவர் போய் ஒன்பது வருஷம். ஒரு வருஷம்கூட நாங்கள் மூவரும் போகாமல் இருந்ததில்லை. எத்தனை சாமந்தி வாங்க வேண்டும் என்று லோக்யீயைக் கேட்டேன்.

"இந்தத் தடவை நான் வரல அத்தை."

"ஏன்?"

"வேலை இருக்கு."

"விடுமுறை நாளு. எந்த ஆபீசு திறந்திருக்கு?"

அவள் ஹின்சுங்கைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்தான். நான் எழுந்து அறைக்கு வந்துவிட்டேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம், சரி. என்னை மக்காவுக்கு ஏற்றிவிடு, அதையும் பொறுத்துக்கொள்கிறேன். செத்தவர் உனக்கு என்னம்மா செஞ்சார்? கல்யாணத்தன்னிக்குத் தன் கையால உனக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தாரே. அதுகூடவா மறந்துபோச்சு?

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டர். பூசையில் யாரையும் மன்னிக்க முடியவில்லை. முயற்சி செய்தேன்.

ஏப்ரல் 3, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

இன்றும் டி.வி. முன்னால்தான் சாப்பாடு. தொடரில் இறந்துபோன மூத்த அரசிக்கு நினைவுச் சடங்கு. எல்லா ராணிகளும் வெள்ளை உடுத்தி வந்தார்கள், ஒருத்தியைத் தவிர. வராதவளுக்கு இருபது பிரம்படி என்று ராஜமாதா உத்தரவிட்டாள். ராஜமாதா சொன்னது முழுக்க நியாயம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, சாய்ஹா — யாரும் கேட்கவில்லை — குறுக்கே வந்து மண்டியிட்டாள். "அவங்களை அடிக்காதீங்க. அவங்க வயித்துல பிள்ளை இருக்கு. கர்ப்பிணி சாவு மண்ணை மிதிக்கமாட்டா. மூணு மாசம் முடியாம வெளியில சொல்லவும் மாட்டா," என்றாள்.

"மடத்தனம்," என்றேன். "ஒருத்தி சடங்குக்கு வரலன்னா உடனே கர்ப்பமா? இதெல்லாம் படிப்பில்லாதவங்க பழக்கம்."

லோக்யீயின் சாப்பாட்டுக் குச்சிகள் கிண்ணத்துக்கு மேலேயே நின்றுவிட்டன. ஹின்சுங் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான். விளம்பரத்துக்குக்கூட அவன் சத்தத்தைக் குறைப்பவன் இல்லை.

நான் சோற்றை முடித்தேன். கிண்ணத்தைக் கழுவி வைத்தேன். அறைக்கு வந்து பிளாஸ்திரி உறையை எடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது. ஆறு வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது: கர்ப்பிணிகள் பயன்படுத்தக் கூடாது.

ஆணியும் அதுதான். பிள்ளை வயிற்றில் இருக்கும் வீட்டில் சுவரில் அடிக்கக்கூடாது என்று என் மாமியார் சொல்வார். நான் சிரித்திருக்கிறேன். மே மாதமும் அதுதான்; அப்போதுதான் மூன்று மாதம் முடியும். வடிவியலில் நாற்பது பேரில் முதலாவதாக வந்தவள் நான். ஒரு மருந்துக் கிடங்குச் சிறுக்கி சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ஆனால் இதை மட்டும் சொல்லவில்லை அவள்: ஊராரிடம் மறைப்பார்கள், சரி. ஒரே வீட்டில் இருக்கும் என்னிடம் ஏன் மறைக்க வேண்டும்?

அதே நாள், மறுபடியும்

ஏன் என்று எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் லோக்யீ ஏழாவது வாரத்திலேயே என்னிடம் வந்து சொன்னாள். நான் ஜெபிக்கச் சொல்லித்தான் பிலோமினாவிடம் சொன்னேன். பூசையில் எல்லோர் முன்னும் ஜெபக் கருத்தாக வாசிக்கவும் எழுதிக் கொடுத்தேன். மறைப்பது அஞ்ஞானிகளின் பயம், நமக்கென்ன என்று நினைத்தேன். பத்தாம் நாள் எல்லாம் முடிந்துபோனது. அடுத்த ஞாயிறு கோயில் படியில் நாற்பது பெண்கள் வரிசையாக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அவள் கோயிலுக்கு வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "நாற்காலி மேல ஏறி திரை மாட்டினியே, அப்பவே நினைச்சேன்," என்று சொன்னேன்.

அந்த வருஷத்து நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். "லோக்யீக்கு உடல்நலமில்லை" என்று ஒரு வரிதான் இருக்கிறது. மற்றதெல்லாம் எழுதுவதற்கு உரியது என்று எனக்குத் தோன்றவில்லை போலும்.

பிளாஸ்திரியை உரித்துவிட்டேன். மீதி இருந்ததைக் கட்டிக் கீழே குப்பையில் போட்டுவிட்டு வந்தேன். மூன்று மாடி.

ஏப்ரல் 4, வியாழன்

ஹின்சுங்கும் நானும் மட்டும் போனோம். மழை. அவன் கல்லைக் கழுவினான், நான் குடை பிடித்தேன்.

பிலோமினாவும் தன் வீட்டுக்காரர் கல்லறைக்கு வந்திருந்தாள். சேற்றில் தாவித் தாவி வந்தாள்.

"எங்கடி உன் மருமக? மாமனார் கல்லறைக்குக்கூட வரமாட்டாளாமா?"

"நான்தான் வர வேணாம்னேன்."

"நீயா?"

"பூவைக்கூட ஒழுங்கா அடுக்கத் தெரியாது அவளுக்கு. வீட்டுலயே இருன்னுட்டேன்."

பிலோமினா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கல்லுடி நீ. ராஜமாதாவேதான்," என்றாள். அந்தப் பக்கம் ஹின்சுங் துணியைப் பிழிந்துகொண்டிருந்தான். காதில் விழுந்ததா தெரியவில்லை. அவனுக்குப் பெரும்பாலும் எதுவும் விழுவதில்லை.

ஏப்ரல் 6, சனி

பாவசங்கீர்த்தனம். ஒரு பொய் சொன்னேன் என்றேன். மனம் வருந்துகிறீர்களா என்று சாமியார் கேட்டார். பொய்யில் பூ அடுக்கத் தெரியாது என்ற பகுதிக்கு மட்டும் வருந்துகிறேன் என்றேன். அவள் நன்றாகத்தான் அடுக்குவாள். இளம் சாமியார், குழம்பிப்போனார். பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

முழங்கால். வெந்நீர்ப் பை வைத்துப் பார்த்தேன். பயனில்லை.

தொடரில் சாய்ஹாவைச் சிறையில் போட்டுவிட்டார்கள். ஒரு வாரமாவது வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்று பார்த்தால் சிறைக் காவலனுக்கு வைத்தியம் சொல்கிறாள்.

ஏப்ரல் 15, திங்கள்

யோசித்துவிட்டேன். நான் தெரிந்ததாகக் காட்டினால் அவளுக்கு இன்னும் பயம் கூடும். தெரியாதவளாக இங்கே இருந்தால், நான் கூடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் வயிற்றின் மேல் பையை வைத்துக்கொள்கிறாள். நேற்று மூன்று தடவை பார்த்தேன். இனியாவது அவள் நிம்மதியாக மூச்சுவிட வேண்டுமென்றால் நான் இந்த வீட்டில் இல்லாமல் இருப்பதுதான் வழி.

தங்கையிடம் போனில் பேசினேன். அவள் மகிழ்ச்சி தாங்கவில்லை, இரவெல்லாம் சீட்டு விளையாடலாமாம். கடவுளே.

"இருபத்தேழாம் தேதிக்கு மக்காவ் டிக்கெட் போடு," என்று ஹின்சுங்கிடம் சொன்னேன்.

"நிஜமாவாம்மா?"

"நீதானே லிஃப்ட் இருக்குன்ன?"

அவன் முகத்தில் நிம்மதி வந்ததைப் பார்த்தேன். பெற்றவள் பார்க்க வேண்டிய முகமில்லை அது. பார்த்துவிட்டேன், என்ன செய்வது.

ஏப்ரல் 19, வெள்ளி

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். லோக்யீ வந்தாள். இந்தத் தடவை உள்ளேயே வந்தாள்.

"பிலோமினா ஆன்ட்டி போன் பண்ணாங்க. எனக்கு ஆறுதல் சொன்னாங்க. கல்லறைக்கு வர வேணாம்னு நீங்கதான் என்னைத் தடுத்தீங்களாம்."

அந்த வாயை எந்தக் கடவுள் படைத்தார்?

"ஆமா. சொன்னேன்," என்றேன்.

"எப்ப அத்தை சொன்னீங்க?"

"சொன்னேன். உனக்கு மறந்திருக்கும்."

அவள் அங்கேயே நின்றாள். அறையை ஒரு முறை மோந்து பார்த்தாள் — அந்தச் சாய்ஹாவேதான். பிறகு, நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்தாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"வயசானா வலிக்கும். இதைப் பெட்டியில வைக்கணும், தள்ளு."

தள்ளவில்லை. என் கையிலிருந்த கம்பளிச் சட்டையை வாங்கி மடித்து வைத்தாள். கைகளை உள்ளே மடிக்காமல் மடித்தாள். அவள் போன பிறகு திரும்பவும் பிரித்து மடிக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 23, செவ்வாய்

எட்டரை மணிக்கு லோக்யீ டி.வி.யைப் போடவில்லை.

"இன்னைக்குத்தான் சாய்ஹாவுக்குத் தீர்ப்பு," என்று ஹின்சுங் ரிமோட்டைத் தேடினான். அவள் அதை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். என் கிண்ணத்தில் மீன் துண்டு ஒன்று வைத்தாள்.

"அத்தை, சனிக்கிழமை நீங்க மக்காவ் போக வேணாம். வெள்ளிக்கிழமை என்கூட டாக்டர்கிட்ட வரணும்."

"லோக்யீ," என்றான் ஹின்சுங். "இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு."

"எனக்கும் எண்ணத் தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்கம்மாவுக்குக்கூட இன்னும் சொல்லல," என்றாள்.

பள்ளியில் நான் நாடகத்தில் நடித்தது ஒரே ஒரு தடவை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆடு வேஷம். வசனம் கிடையாது, அதற்கே மதர் லூயிஜியா இனி வேண்டாம் என்றுவிட்டார். இருந்தாலும் குச்சிகளைக் கீழே வைத்தேன். புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

"டாக்டர்கிட்டயா? ஏன், உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன்.