வெள்ளிக்கிழமை ஸ்கோர்

ஒக்டோபர் 12, ஞாயிறு

வெயில். மழை இதோ அதோ என்று போக்குக் காட்டுகிறது. மாமி புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்தபடி. உயிலங்குளம் முழுக்க அப்படித்தான்.

கொம்பியூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசி தட்டினேன். கிராபிக்ஸ் கார்டின் விசிறிக்குள் மண், பஞ்சு, ஒரு பல்லி முட்டை ஓடு. பழைய பெயின்ட் பிரஷ் போதும்.

பிறகு கார்டின் வேகத்தை அதன் அளவுக்கு மேல் கொஞ்சம் கூட்டி, அது படத்தை எவ்வளவு வேகமாகக் காட்டுகிறது என்று பார்க்கும் சோதனையை ஓடவிட்டேன். திரையில் பனிமலை, கப்பல், வெடிப்பு. கடைசியில் ஸ்கோர்: 4702. சூடு 84 பாகை. மேலே தகரம், எப்படிக் குறையும்? சுவர் எழும்பிய வீடு, ஓடு இன்னும் இல்லை.

என் மனுசனுடையது போன வெள்ளி 4857. டோகாவில் வேலை, ஏசி அறை. அதே கார்ட்தான். அகதி முகாமால் வந்த பிறகு வவுனியாவில் இரண்டு பேரும் கொம்பியூட்டர் படித்தபோது இவரோடு பழக்கம். கல்யாணத்துக்கு ஒரே மாதிரி இரண்டு கார்ட் வாங்கினோம், ஊர் சிரித்தது. போகும்போது தன்னுடையதை உடுப்புக்குள் சுற்றிக்கொண்டு போனார். "வெள்ளிக்கிழமையில ஆருடைய ஸ்கோர் கூட எண்டு பாப்பம்" என்றார். அப்படியே நடக்கிறது. நான் இதுவரை வென்றதில்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் ஒரு கொம்பியூட்டருக்கு மூன்று பிள்ளைகள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. மாமி திருக்கேதீஸ்வரம் கோயிலுக்குப் போய்விட்டா. வீடு எனக்கு மட்டும்.

எனது 4731. இவருடையது 4861.

"ஏசிக்குள்ளை இருந்து வெல்லுறது ஒரு வெற்றியே?" என்றேன்.

"தோத்த ஆக்கள் எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறது." சிரித்தார். பின்னால் பல பேரின் சத்தம், யாரோ ஹிந்தியில் கத்துவது போல. கேட்டதற்கு "ரீவி" என்றார்.

போனை வைத்த பிறகும் காது சூடு. அந்தப் பக்கமாகவே சரிந்து படுத்துக் கிடந்தேன், மாமி வந்து கேற்றைத் தட்டும்வரை.

ஒக்டோபர் 20, திங்கள்

வாங்க: தேங்காய் எண்ணெய், சோக், மாமியின் முழங்காலுக்கு எண்ணெய், கார்டின் சூடு தணியப் பூசும் பசை (மன்னார் ரவுணில் இல்லையாம், கொழும்பால் வரவேணும்).

ஆசிரியர் அறையில் சங்கீத ரீச்சர்: "அவர் இன்னும் வரேல்லையோ? பிள்ளைகுட்டியும் இல்லாமல் உதென்ன சீவியம்?" சிரித்து வைத்தேன். வேறென்ன.

இவருடைய சேட் ஒன்று அலுமாரியில். எடுத்துப் பார்த்தேன். பூச்சி உருண்டை மணம் மட்டும்.

ஒக்டோபர் 24, வெள்ளி

கரண்ட் போய்ப் போய் வந்தது. எனது 4719. இவருடையது திரும்பவும் 4861.

"ஒரு புள்ளியும் மாறேல்லையே?"

"நல்லா செற் பண்ணியிருக்கிறன். நிலையா நிக்குது." உடனே தன் அம்மாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டார்.

ஒரே மெஷின், ஒரே வேகம், ஒரே அறை என்றாலும் எனக்கு ஒரு நாளும் ஒரே ஸ்கோர் திரும்பி வந்ததில்லை. ஐந்து பத்து அங்கும் இங்கும் ஆடும். அவருக்கு மட்டும் ஆடாதா?

ஒக்டோபர் 31, வெள்ளி

மழை! விடியவே பிடித்துக்கொண்டது. மாமி சொட்டச் சொட்ட வந்து நின்று, "பிள்ளை, நெல்லுத் தப்பீட்டுது" என்றா. அவ சிரித்துப் பார்த்து எவ்வளவு காலம்.

தகரம் குளிர்ந்து கிடந்தது. கார்ட் 71 பாகைதான். இன்னும் வேகம் கூட்டினேன், தாங்கியது. இன்னும். 4874! உடனே இவருக்குப் போன் எடுத்தேன்.

"நீங்கள் முதல் சொல்லுங்கோ."

"4861."

என்னுடையது 4700 என்று பொய் சொன்னேன். ஓடாத மெஷினை வென்று என்ன?

வைத்த பிறகு மனம் போகாத இடமில்லை. உடம்புக்கு வருத்தமோ? வேலை போய்விட்டதோ? வேறு ஆரும்? எழுதவே கூடாது இதை.

நவம்பர் 2, ஞாயிறு

பொறுக்க முடியவில்லை. இன்றே போன் எடுத்தேன்.

"உங்கட மெஷின் எங்கை?"

மெதுவாகச் சொன்னார்: "பழைய அறையை விட்டாச்சப்பா. புது வேலை நடக்கிற இடத்துக்குக் கிட்ட ஒரு முகாம். ஒரு அறைக்குள்ள எட்டுப் பேர். மெஷின் வைக்க இடமில்லை. கட்டிலுக்குக் கீழ பெட்டியில கிடக்குது."

முகாம். அந்தச் சொல் எங்கள் இரண்டு பேருக்கும் பழசு. வரிசை, வாளி, கூடாரம், எல்லாம் ஒரு நொடியில்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"வெள்ளிக்கிழமை நீர் ஸ்கோர் கேப்பீர். அதுவும் இல்லையெண்டா என்னத்தைக் கதைக்கிறது எண்டு பயந்துபோனன்."

கோபம் வந்தது. போனை வெட்டிவிட்டேன். குசினிக்குள் போய் அடுப்படியில் சும்மா நின்றேன். எத்தனை வெள்ளிக்கிழமை நானும் அதே பயத்தில்தான் அந்தச் சோதனையை ஓடவிட்டேன்?

திரும்ப எடுத்தேன். எனக்கு 4874 வந்ததைச் சொன்னேன்.

"கள்ளி!" என்றார்.

நவம்பர் 7, வெள்ளி

தூறல். மாமி கோயிலுக்குப் போகவில்லை.

புது ஏற்பாடு: இவர் அங்கிருந்து சொல்வது, நான் இங்கே செய்வது. இரண்டு பேருக்கும் ஒரே ஸ்கோர். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"வேகத்தில பத்துக் கூட்டும்." கூட்டினேன். "இன்னுமொரு பத்து." தாங்காது என்றேன். "தாங்கும், போடும்." போட்டேன். திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள், பிறகு இருட்டு.

"நீங்கள் சொன்னதுதானே!"

"நீர் ஏன் கேட்டனீர்?" சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

மெஷின் திரும்ப எழும்பும்வரை செய்ய ஒன்றுமில்லை. அப்போதுதான் சொன்னார்: "சித்திரையோட ஒப்பந்தம் முடியுது. இன்னும் ரண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லுகினம். வீட்டுக்கு ஓடும் போடேல்லை. நான் என்ன செய்ய?"

நான் வாய் திறக்குமுன் குசினிக்குள் இருந்து மாமி: "ஓட்டையே நாங்கள் பாத்துக்கொண்டிருக்கிறம்? ஆளையெல்லோ!"

அந்தப் பக்கம் எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக் கேட்டார்களோ என்னவோ.

"கையெழுத்து வைக்காதேங்கோ," என்றேன். "வாங்கோ."

"உண்மையா?"

"வாங்கோ எண்டு சொல்லுறன்."

"வாறன்."

மெஷின் எப்போதோ எழும்பிவிட்டது. சோதனையை ஓடவிடவில்லை.