பூஜைக்குக் காத்திருந்த கேபிள்

மாதேஸ்வரிக்கு,

சென்றாயனுக்கு எலும்பு முறியவில்லை. இன்று காலை எக்ஸ்ரே பார்த்த டாக்டரே சொன்னார். நான் நலம். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா?

நேற்று சூளகிரி அருகே பள்ளத்தில் இறங்கிய லாரியை எங்கள் ரெக்கவரி வண்டியின் வின்ச்சில், அந்தக் கேபிள் சுற்றும் உருளையில், மாட்டி இழுத்தோம். பாதியில் இரும்புக் கேபிள் அறுந்தது. கேபிள்மேல் பாரத்துக்கு ஈரச் சாக்கு போட்டிருந்ததால் சாட்டைபோலப் பறக்காமல் தரையில் விழுந்தது. நுனி மட்டும் என்னோடு வேலையில் நின்ற சென்றாயன் காலில் பட்டது. அவ்வளவுதான், பயப்படாதே.

எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. இழை பிரிந்திருப்பதைப் போன மாதமே முதலாளியிடம் காட்டினேன். புதுக் கேபிள் வாங்கி ஷெட்டில் கிடக்கிறது.

"ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சு மாட்டலாம்டா, என்ன அவசரம்?"

"சாமி கேபிளையா கேட்டுச்சு? அறுந்தா எங்க காலுதாண்ணா போவும்."

சிரித்தார். நேற்று ஆஸ்பத்திரியில் நின்று, "சாமிதான் காப்பாத்துச்சு" என்றார். காப்பாற்றியது சாக்கு. அதை நனைத்துப் போட்டவன் சென்றாயன்.

அந்தச் சாக்கு கிழிந்துவிட்டது. இனி கேபிள்மேல் போட நம் பழைய ஜமுக்காளத்தைக் கல்லாவியில் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடு. கூடவே நீ போர்த்திக்கொள்ளும் போர்வையையும் வை. அதைத் துவைக்க வேண்டாம்.

திங்கட்கிழமை புதுக் கேபிளை மாட்டுவதாக முதலாளி சொல்கிறார். மாட்டும்வரை வின்ச்சைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேலையில் இருக்கிறேனா, ஊருக்கு பஸ் ஏறுகிறேனா என்பது அன்று மாலை தெரியும்.

விஜயகுமார்