பெய்ருகாத்தின் புதுக் கூரை

ஏப்ரல் 3

இந்த மாத மூக்குச் சோதனை. ஆறு சீசா, கண்ணை மூடிக்கொண்டு: கிராம்பு, காப்பி, வினிகர், எலுமிச்சைத் தோல், சூடம், ஈர அட்டை. ஆறும் சரி. எண்பது வயதுக்கு இது போதுமா? நாற்பது வருடம் மருந்துக்கடையில் மூடியைத் திறந்ததும் உள்ளே இருப்பதன் பெயரைச் சொன்னவன் நான். இப்போது சோதித்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வருகிறது. வந்தாலும் தங்குவதில்லை.

அடுத்த வாரம் தம்பி மகள் மாய்லிஸுடன் பெய்ருகாத் திராட்சைப் பண்ணைக்குப் போக வேண்டும். தம்பி இருந்தவரை நான் முகர்வேன், அவன் வாங்குவான். இப்போது ஒயின் கடை அவன் மகளுடையது. மூக்கு மட்டும் பழையது.

ஏப்ரல் 8

பெய்ருகாத்தில் காலை முதல் மாலை வரை.

போன இலையுதிர்காலத்துத் திராட்சையை ‘நூற்றாண்டின் அறுவடை’ என்கிறார்கள். என் ஆயுளில் இது ஏழாவது நூற்றாண்டு. எங்கள் லிபூர்ன் ஊர் முழுக்க இதே பேச்சு, ரொட்டிக் கடையில்கூட. ஒயின் இன்னும் பீப்பாயில் கிடக்கிறது. சீசாவில் வந்து சேர இரண்டு வருடம் ஆகும். விற்பனை மட்டும் அடுத்த மாதமே.

முதலாளி திபோ புதுக் கிடங்கைக் காட்டினான். கூரை முழுக்கப் புது உத்தரங்கள், பூச்சி அரிக்காமல் மருந்து அடித்தவை. பீப்பாய்களுக்கு நடுவே நீள மேசை போட்டிருந்தான். என் கம்பளிக் கோட்டைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் வாய் — கறுப்புப் பழம், புது ஓக் மரத்தின் வனிலா. அதற்கு அடியில், மிக அடியில், என் ஆறாவது சீசா, ஒயின் கெட்டதன் அடையாளம். ஈர அட்டை.

வேறு கோப்பை கேட்டேன். அதிலும் அதே.

“என்ன மருந்துக்காரரே, சீட்டு எழுதிக் குடுக்கப் போறீங்களா?” என்றான் திபோ. மேசையில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். மாய்லிஸ் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். “பெரியப்பா, எப்படி இருக்கு?”

அவன் மேசை. அவன் போட்ட வாத்துக்கறி. அவனே எதிரில். இந்த மேசையில் குறை சொன்னவனை மறுபடி கூப்பிடமாட்டார்கள்.

“நல்லா இருக்கு” என்றேன்.

திரும்பும்போது வண்டியில் சொன்னாள்: “வழக்கமா பதினோரு பண்ணைல கொஞ்சம் கொஞ்சமா வாங்குவோம்ல? இந்த வருஷம் அதெல்லாம் வேண்டாம். மொத்தத்தையும் இது ஒண்ணுலதான் போடப் போறேன்.”

“யோசிக்கலாமே அம்மா.”

“நாப்பது வருஷமா யோசிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க! ‘பரவாயில்ல’, ‘பாக்கலாம்’ — இதத்தான் கேட்டிருக்கேன். ‘நல்லா இருக்கு’ன்னு நீங்க சொன்னதே இன்னிக்குத்தான்.”

ஏப்ரல் 9

என் மூக்காகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 12

பெரிய ஒயின் விமர்சகர் பெய்ருகாத்துக்கு நூற்றுக்கு நூறு கொடுத்துவிட்டாராம். பத்துப் பேர் குடித்தார்கள், பத்துப் பேரும் புகழ்ந்தார்கள். ஒருவனுக்கு மட்டும் நாறினால் கோளாறு யாரிடம்?

ஈர அட்டைச் சீசாவை மாடியில் வைத்துவிட்டு மற்ற ஐந்தையும் முகர்ந்தேன். ஐந்தும் சரி. ஆறாவது எங்கும் வரவில்லை. இல்லாததை முகர்கிற மூக்கு இல்லை இது. பிறகு எது?

ஏப்ரல் 19

காலை பத்து மணி. துணி அலமாரியைத் திறந்தேன். உள்ளே ஈர அட்டை வாசனை.

சட்டை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். வாசனை பெய்ருகாத்துக்குப் போட்டுப்போன கம்பளிக் கோட்டில். அன்று முழுக்க அந்தக் கூரைக்குக் கீழே தொங்கியது. ஒரு துளி ஒயின் அதில் படவில்லை.

அப்படியானால் காற்றில். கூரையில் அடித்த மருந்தில். பீப்பாய் மரம் மூச்சு விடும். விட்டதை உள்ளே இழுக்கும். நாள் முழுக்க அங்கேயே கிடக்கும் திபோவுக்கு அது தெரியாது. புது ஓக் வாசனை இப்போது மூடியிருக்கிறது. இரண்டு வருடத்தில் அது அடங்கும். இது அடங்காது.

கோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினேன்.

ஏப்ரல் 20

பையோடு கடைக்குப் போனேன். வாசலில் கரும்பலகை: ‘பெய்ருகாத் — என் பெரியப்பாவே நல்லா இருக்குன்னு சொன்னது’. உள்ளே கூட்டம். “இதோ, இவர்தான்! இவர் வாய்லேர்ந்து அந்த வார்த்தைய வாங்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?” என்று எல்லோருக்கும் காட்டினாள். யாரோ கை குலுக்கினார்.

பையைப் பிரிக்காமல் திரும்பிவிட்டேன். சே.

மே 14

இன்று காலை ஒன்பதுக்குப் பெய்ருகாத் விலை வந்தது. பன்னிரண்டுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு வருடம் வேண்டாம் என்றால் வாங்குவோர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். தம்பி அந்தப் பட்டியலில் இடம் பிடிக்கப் பதினெட்டு வருடம் ஆனது.

கடைக்கு ஓடினேன் — என் வயதில் ஓட்டம் என்று சொல்லக்கூடியது. “மாய்லிஸ், அந்தக் கூரை…”

“கூரையா? நான் என்ன கூரையையா வாங்கறேன்?”

“ஒரு வாசனை இருக்கு.”

அவள் முகம் மாறியது. “அன்னிக்கு ஏன் சொல்லல?”

“என் மூக்கோ என்னவோன்னு…”

“மூக்கா, ஒயினா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க பெரியப்பா. நீங்க சொன்னா விட்டுடறேன். சத்தியமா விட்டுடறேன்.”

கோட்டு வீட்டில் இருந்தது. எடுத்து வர நேரமும் இருந்தது.

“தெரியலம்மா” என்றேன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திபோவுக்குப் போன் செய்து மொத்தத்துக்கும் சரி சொன்னாள். தெரியலையாம். எனக்கா தெரியல?

மார்ச் 6 (இரண்டு வருடம் கழிந்து. மூன்றாவது நோட்டு.)

பேருந்து பெய்ருகாத்தைத் தாண்டிப் போனது. கிடங்கின் மேல் பளு தூக்கும் இயந்திரம் நின்றது. உத்தரங்களை ஒவ்வொன்றாக இறக்கி, பிளாஸ்டிக் சுற்றி, லாரியில் ஏற்றுகிறார்கள். புயல் இல்லை, தீ இல்லை. மூன்று வருடம்கூட ஆகாத கூரை.

ஊரில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. கடை வாசலில் கரும்பலகை மறுபடி வந்திருக்கிறது, அதே வாசகத்தோடு.

மார்ச் 11

சரக்கு காலையில் வந்தது. கடைப் பின்னறையில் உத்தரம் வரை மரப்பெட்டிகள். கூட்டம் வருமுன் மாய்லிஸ் ஒன்றைத் திறந்தாள். முகர்ந்தாள். தக்கைதான் கெட்டிருக்கும் என்று இன்னொன்றைத் திறந்தாள். பிறகு வேறு பெட்டியிலிருந்து மூன்றாவது. எனக்கு ஊற்றவில்லை. ஊற்றத் தேவையும் இல்லை, அறை முழுக்க இருந்தது.

நான் கொண்டுபோன பையை மேசைமேல் வைத்தேன். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கோட்டில் முகத்தைப் புதைத்தாள். வெகுநேரம் முகத்தை எடுக்கவில்லை.

பிறகு வெளியே போய்க் கரும்பலகையை உள்ளே தூக்கி வந்து சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

“எப்பத் தெரியும், பெரியப்பா?”

“அந்த வருஷம் ஏப்ரல் பத்தொன்பது” என்றேன். “காலை பத்து மணி.”